யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் தங்கமீன் தொட்டி: முதல் எட்டு வாரத்துக்கான வழிகாட்டி

புதுத் தொட்டியில் தங்கமீன் செத்தால், பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள்தான் சாகும். தொட்டி வாங்கிய கையோடு மீனையும் வாங்கி வருகிறோம். "ஒரு நாள் தண்ணியை விட்டு வையுங்கோ, நாளைக்கு மீன் விடலாம்" என்று கடையிலும் சொல்லி அனுப்புகிறார்கள். நாலைந்து நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். தண்ணீரோ தெளிவாகத்தான் இருக்கும். நோயாக்கும் என்று நீல மருந்தை ஊற்றுவார்கள், அது பலிக்காவிட்டால் முழுத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டிப் புதிதாக நிரப்புவார்கள். விடிய மீன் மிதக்கும்.

இதில் மீனிலும் பிழையில்லை, தொட்டியிலும் பிழையில்லை. செய்த வரிசை தலைகீழ். கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது முதல் வேலை, மீன் வாங்குவது கடைசி வேலை. இடையில் ஒரு மாதத்துக்கு மேல் வெறுந்தொட்டியை ஓடவிட வேண்டியிருக்கும். அந்த மாதத்தைப் பொறுக்க முடியாதவர்கள் ஒன்பதாம் பகுதிக்குப் போகலாம், ஆனால் அங்கே வேலை இரட்டிப்பு.

1. அமோனியா, அதுவும் எங்கள் ஊர்த் தண்ணீரில்

தங்கமீன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளிவிடும். மிஞ்சிய தீனும் கழிவும் அழுகினாலும் அமோனியாதான் வரும். ஓடிப் பழகிய தொட்டியில், பில்ரர் ஸ்பொஞ்சில் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு கூடினாலும் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றி அதை வெளியேற்றிக்கொள்ளலாம். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதியளவு இல்லை. அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் வேண்டும், சில வேளை எட்டும் ஆகும்.

குடாநாட்டுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். அதனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. காற்றுப்பட வைத்த பிறகு பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) எட்டை ஒட்டி நிற்பது இங்கே சாதாரணம். தொட்டித் தண்ணீரின் வெப்பநிலையும் 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இந்த இரண்டும் சேருமிடத்தில்தான் சிக்கல்.

தண்ணீரில் உள்ள அமோனியாவின் ஒரு பங்குதான் கடும் நஞ்சான வடிவில் இருக்கும். பிஎச்சும் வெப்பமும் கூடக்கூட அந்தப் பங்கும் கூடும். பிஎச் 7, வெப்பம் 20 பாகை என்றால் அது 0.4 வீதமளவுதான். பிஎச் 8, வெப்பம் 30 பாகை என்றால் 7 வீதத்தைத் தாண்டிவிடும். அதாவது குளிர்நாட்டு வழிகாட்டிகளில் "பரவாயில்லை" என்று போட்டிருக்கும் அதே அமோனியா அளவு, எங்கள் தொட்டியில் பதினைந்து இருபது மடங்கு கடுமையாக இருக்கலாம். ஆகவே அந்த வழிகாட்டிகளின் எல்லைகளை அப்படியே எடுக்காதீர்கள்.

நல்ல பக்கமும் ஒன்றுண்டு. இந்தப் பற்றீரியாக்களுக்கு 25 முதல் 30 பாகைதான் மிகப் பிடித்தது. வேலை செய்யும்போது அவை தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப்பிடிக்கும் காபனேற்றைச் செலவழிக்கும், அதுவும் எங்கள் தண்ணீரில் தாராளம். அதனால் ஹீற்றரும் வேண்டாம், பிஎச் திடீரென விழுமென்ற பயமும் குறைவு.

2. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

துளி முறையில் சோதிக்கும் டெஸ்ட் கிட் முக்கியம். அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பிஎச் நாலும் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். முதல் மூன்றுக்கும் இனிச் சொல்லும் எண்களெல்லாம் லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு. தாள் பட்டிகள் மலிவு, ஆனால் பலவற்றில் அமோனியாவே இல்லை. வாங்கும்போது காலாவதித் திகதியைப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் வைக்காதீர்கள். பணம் போதாதென்றால் அலங்காரக் கல்லையும் பிளாஸ்ரிக் செடியையும் விட்டுவிட்டு இதை வாங்குங்கள்.

மற்றவை: ஒரு வெப்பமானி, சவர்க்காரம் படாத இரண்டு வாளி, தண்ணீர் உறிஞ்சி இறக்க ஒரு தடித்த ரியூப், பில்ரர், எயார் பம்ப், தொட்டியின் வாயை மூட நுளம்பு வலைத் துண்டு. குழாய்த் தண்ணீர் பாவிப்பவர்களுக்குக் குளோரீன் நீக்கும் மருந்து. மின்சாரம் போனால் ஓட பற்றரியில் இயங்கும் சின்ன எயார் பம்ப். வாளி இரண்டையும் மீனுக்கென்று ஒதுக்கி, வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். உடுப்புத் தோய்த்த வாளியில் ஒட்டியிருக்கும் சவர்க்காரம் செவுளைக் கெடுக்கும்.

3. தொட்டிக்கு முன் கிணற்றைச் சோதியுங்கள்

எல்லாரும் தாண்டிப்போகிற படி இது. வாராவாரம் மாற்றப்போவது இந்தத் தண்ணீரைத்தான். இதிலேயே இருக்கிற ஒன்றைத் தண்ணீர் மாற்றி ஒருபோதும் குறைக்க முடியாது.

ஒரு வாளி அள்ளி உடனே அமோனியாவும் நைத்திரேற்றும் பாருங்கள். நைத்திரேற்றுச் சோதனையில் இரண்டாம் போத்தலை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்குங்கள். துளி விட்டபிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்குங்கள். அந்தப் போத்தலில் அடியில் உறைகிற பொருளொன்று உண்டு. குலுக்காவிட்டால் 80 இருக்கவேண்டிய இடத்தில் 10 காட்டும், நீங்களும் சந்தோசமாக இருந்துவிடுவீர்கள்.

நைத்திரேற்றை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேனென்றால், வலிகாமத்துச் செம்மண் பகுதியில் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் இதைக் கூட்டியிருக்கின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே ஆய்வுகளில் பலமுறை பதிவாகியுள்ளன. தங்கமீன் தொட்டியில் 40க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. கிணறே 60 என்றால் நீங்கள் தொடங்குவதே எல்லைக்கு மேலேதான். கிணற்றை ஆய்வுகூடத்தில் சோதித்த அறிக்கை கையில் இருந்தால், அது நைத்திரசனாகக் கணக்கிட்டதா என்று பாருங்கள். அப்படியென்றால் 4.4ஆல் பெருக்கினால்தான் உங்கள் கிட் காட்டும் எண் வரும். அப்புறம், 50ஐத் தாண்டிய கிணற்றை மீனுக்காக மட்டும் யோசிக்காதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கக்கூடாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்றுப் போகாது.

நைத்திரேற்றுக் கூடிய கிணற்றுக்காரருக்கு இரண்டு வழி. ஒன்று, ஆர்ஓ தண்ணீரையோ (மெல்லிய சவ்வால் வடித்து உப்புகளை நீக்கிய தண்ணீர்) மழைநீரையோ பாதிக்குப் பாதி கலப்பது. தனி ஆர்ஓவும் தனி மழைநீரும் வேண்டாம். அவற்றில் காபனேற்று இல்லாததால் பிஎச் நிலைகொள்ளாது, பற்றீரியாவும் தளரும். மற்றது, தொட்டி விளிம்பில் மணி பிளான்ற் கொடியைக் கட்டி வேர் மட்டும் தண்ணீரில் நிற்க விடுவது. அது நைத்திரேற்றை உறிஞ்சி வளரும். மீன் வேரைக் கொஞ்சம் கறிக்கும், கறிக்கட்டும்.

பிஎச்சை இரண்டுமுறை பாருங்கள்: அள்ளியவுடன் ஒருதரம், எயார் கல் போட்டு ஒரு நாள் குமிழவிட்டு இன்னொருதரம். நிலத்தடி நீரில் காபனீரொட்சைட்டுக் கூடுதலாகக் கரைந்திருக்கும். அது வெளியேறியதும் பிஎச் ஏறும். தொட்டியில் நிற்கப்போவது இரண்டாவது எண்தான். அது 8.2 என்று வந்தாலும் குறைக்கப் போகாதீர்கள். தங்கமீனுக்கு அது பிரச்சினையில்லை. கடையில் விற்கும் பிஎச் குறைக்கும் திரவத்தை ஊற்றினால் இரவில் இறங்கும், சுண்ணாம்புத் தண்ணீர் அதை விடியுமுன் திரும்ப ஏற்றிவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும்.

தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் இருப்பவர்கள் வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அது சவர்த்தண்ணீர். மெல்லிய சவரைத் தங்கமீன் பொறுக்கும். நன்றாகக் கரிக்கிற தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் கலக்காமல் தொட்டிக்கு விடாதீர்கள். நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, கோடையில் அதிகமாக இறைக்கும்போது கீழிருந்து சவர் ஏறும். மாசியில் நல்லாயிருந்த கிணறு ஆவணியிலும் அப்படியே இருக்குமென்று நம்பாதீர்கள்.

கடைசியாக, குளோரீன். கிணற்றுத் தண்ணீரில் குளோரீன் இல்லையென்பது பொதுவாகச் சரி. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகும், கிணறு இறைத்துத் துப்புரவாக்கிய பிறகும், குளோரீன் தூள் போடுவது வழக்கம். பக்கத்து வீட்டோடு பங்குக் கிணறு என்றால் உங்களுக்குத் தெரியாமலும் போட்டிருக்கலாம், கேட்டுவிட்டு அள்ளுங்கள். நுளம்புக்காகக் கிணற்றில் விட்ட கப்பி மீன்கள் உற்சாகமாக ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

குழாய்த் தண்ணீரிலும் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீரிலும் குளோரீன் உண்டென்றே எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கு ஒரு கிராம் இருந்தால், லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் குளோரீன் உள்ள 100 லீற்றர் தண்ணீருக்குத் தாராளம். அவசரமில்லையென்றால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து, எயார் கல்லும் போட்டு வைத்தால் குளோரீன் பறந்துவிடும்.

4. எவ்வளவு தண்ணீர், எந்த இடம்

கண்ணாடிக் கோளத்தை விட்டுவிடுங்கள். ஒரு தங்கமீனுக்கு 75 லீற்றர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் மேலும் 40 லீற்றர் என்பது நடைமுறைக் கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி முழுக்க நிரப்பினாலே 56 லீற்றர்தான். மூன்றடி, ஒன்றரையடி, ஒன்றரையடி என்றால் 190 லீற்றர். அதில் ஒரண்டா வகைத் தங்கமீன் மூன்று வசதியாக வளரும். கூடுதல் தண்ணீர் கேட்பது நீந்த இடம் வேண்டுமென்பதற்கு மட்டுமல்ல. ஒரு நாள் நீங்கள் சோதிக்க மறந்தாலும் நஞ்சு மெதுவாகத்தான் ஏறும்.

190 லீற்றர் என்றால் 190 கிலோ, கண்ணாடியும் மேடையும் புறம்பு. சீமெந்துக் கட்டோ கனமான இரும்பு ஸ்ராண்டோதான் தாங்கும். மேற்கு யன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பின்னேர வெயிலில் தண்ணீர் சுடும், பச்சையும் பிடிக்கும். அடியில் முதல் இரண்டு மாதம் கல்லோ மணலோ வேண்டாம். வெறும் அடித்தட்டில் மிஞ்சிய தீன் கண்ணில் படும். முருகைக்கல்லும் சிப்பியும் எங்கள் தண்ணீருக்குத் தேவையே இல்லை, சுண்ணாம்பு ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடக்கிறது.

5. நிரப்பி ஓடவிடுதல்

புதுத் தொட்டியை வெறுந்தண்ணீரால் கழுவுங்கள். புதிதாக ஒட்டியதென்றால் சிலிக்கனின் வினாகிரி மணம் முற்றாகப் போகும்வரை பொறுங்கள். நிரப்பி ஒரு நாள் ஒழுக்குப் பார்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள்.

பில்ரர் மணிக்குத் தொட்டித் தண்ணீரை எட்டுப் பத்துத் தடவை சுற்றக்கூடியதாக இருக்கவேண்டும். ஸ்பொஞ் பில்ரர் என்றால் பெரியதாக இரண்டு. தங்கமீன் கழிவு அதிகம் என்பது ஒரு காரணம். மற்றது ஒட்சிசன்: 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் 7.6தான். மீனுக்கும் வேண்டும், பற்றீரியாவுக்கும் வேண்டும். மேற்பரப்பு எப்போதும் குமுறிக்கொண்டிருக்கட்டும். இந்த நிமிடத்திலிருந்து பில்ரரை இரவும் பகலும் நிறுத்தக்கூடாது.

இன்றே தொட்டியின் வாயை நுளம்பு வலையால் மூடுங்கள். மீனில்லாத தண்ணீர் ஒரு வாரம் திறந்து கிடந்தால் நுளம்புக் குடம்பி நெளியும். சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் "தொட்டி ஓடவிட்டிருக்கிறம் ஐயா" என்ற விளக்கம் எடுபடாது. தண்ணீர் பிடித்து வைக்கும் வாளிக்கும் இதே கதைதான்.

6. மீனில்லாமல் பற்றீரியாவை வளர்த்தல்

வெறுந்தண்ணீரை மாதக்கணக்காக ஓடவிட்டாலும் பற்றீரியா வளராது. அதற்குத் தீன் வேண்டும், தீன் அமோனியா. இதை விளங்காமல் "மூன்று கிழமை ஓடவிட்டேன், ஏன் மீன் செத்தது" என்று கேட்பவர்கள் நிறைய.

அமோனியாவுக்குக் கைக்கெட்டிய வழி இறால். தோல் உரிக்காத பச்சை இறால் ஒன்றை மெல்லிய துணியில் முடிந்து தொட்டியில் தொங்கவிடுங்கள். 100 லீற்றருக்கு நடுத்தரமான ஒன்று போதும். மணக்கும், வீட்டில் ஏச்சு விழும், ஆனால் வேலை செய்யும். மணம் ஆகாதென்றால் சுத்தமான அமோனியம் குளோரைட்டு. 100 லீற்றருக்கு 0.6 கிராம் போட்டால் கிட்டில் அமோனியா ஏறத்தாழ 2 காட்டும். இது இறாலைவிட அளவாகப் போடலாம் என்பதால் கிடைத்தால் இதையே எடுங்கள். தோட்டத்து உரச் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட வேண்டாம். அதில் வேறென்ன கலந்திருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது.

பிறகு இரண்டு நாளுக்கொருமுறை சோதித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எண்கள் இப்படிப் போகும். முதல் வாரம் அமோனியா ஏறி நிற்கும், வேறொன்றும் நடக்காததுபோல் இருக்கும். இந்த நாட்களில் தண்ணீர் பால்போல் வெளிறினால் பயப்படாதீர்கள். அது வேறுவகைப் பற்றீரியா பெருகுவது, தானாகத் தெளியும். இரண்டாம் வாரமளவில் நைத்திரைற்றுத் தெரியத் தொடங்கும், அமோனியா இறங்கும். அமோனியா இறங்கியதும் கைவிட்டுவிடாதீர்கள். திரும்பவும் கொஞ்சம் போடுங்கள், இல்லையேல் வளர்ந்தது பட்டினி கிடக்கும். நைத்திரைற்று மட்டும் உச்சத்திலேயே நாள்கணக்காக நிற்கும். இரண்டாவது வகைப் பற்றீரியா மந்தமாகத்தான் பெருகும். கிட்டின் நிற அட்டைக்கும் மேலே போய்விட்டால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

தொட்டி தயார் என்பதற்கு ஒரேயொரு அடையாளம்: காலையில் அமோனியாவை 2க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலையில் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியம், நைத்திரேற்று மட்டும் கூடியிருக்கும். இது அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்தால் போதும். நாட்காட்டியை நம்பாதீர்கள், கிட்டை நம்புங்கள்.

இந்த ஒரு மாதத்தைச் சுருக்க நம்பக்கூடிய வழி, நோயில்லாத பழைய தொட்டியொன்றின் ஸ்பொஞ்சை வாங்கி உங்கள் பில்ரருக்குள் வைப்பது. மோர் விட்டுப் பால் உறையவைப்பது போலத்தான் இது. ஈரத்தோடு பொலித்தீன் பையில், காற்றும் இருக்கக் கட்டி, வெயில் படாமல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்து சேருங்கள். காய்ந்தாலும் சுட்டாலும் உயிர் போய்விடும். போத்தலில் விற்கும் பற்றீரியா உதவலாம். ஆனால் வெக்கையில் லொறியில் வந்து கடைத் தட்டில் மாதக்கணக்காக நின்ற போத்தலுக்குள் எது மிஞ்சியிருக்கும்? அதை ஊற்றிவிட்டு அன்றே மீன் விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

7. மீன் விடுகிற நாள்

மீன் விடுவதற்கு முந்தின நாள், தொட்டித் தண்ணீரில் முக்கால் பங்கை மாற்றுங்கள், ஏனென்றால் ஒரு மாதமாகச் சேர்ந்த நைத்திரேற்று அதில்தான் இருக்கிறது. ஸ்பொஞ்சைத் தொடாதீர்கள். மாற்றிய பிறகு எயார் ஓடவிட்டு, வெப்பமும் பிஎச்சும் நிலைத்தபின் மீனைக் கொண்டுவாருங்கள்.

ஒரு மீன், கூடினால் இரண்டு. மிச்சத்தை இரண்டு வாரம் கழித்து. பற்றீரியாக் கூட்டம் கிடைக்கிற தீனுக்கேற்பத்தான் இருக்கும்.

பையைத் தொட்டியில் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பக்கத்துக் கடையிலிருந்து வந்த மீனென்றால் அதன்பின் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பைக்குள் விட்டுப் பழக்கலாம். கொழும்பிலிருந்து இரவுப் பயணத்தில் வந்த பைக்கு இது பொருந்தாது. மூடிய பைக்குள் அமோனியா சேர்ந்திருக்கும், ஆனால் மீன் மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டுப் பிஎச்சைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அது அவ்வளவாகத் தாக்காது. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அமோனியா நஞ்சாகும். அப்படியான பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக விடாதீர்கள். வெப்பம் சமனானதும் திறந்து, கைவலையால் ஏந்தி நேரே தொட்டிக்கு விடுங்கள். எந்தப் பையின் தண்ணீரும் தொட்டிக்குள் போகக்கூடாது.

அன்றைக்குத் தீன் போட வேண்டாம். மறுநாள் முதல் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை. தங்கமீன் எப்போதும் பசித்ததுபோல் வந்து நிற்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தீன் டப்பாவை உயரத்தில் வையுங்கள்.

8. தண்ணீர் மாற்றும் முறை

முதல் பத்து நாள் தினமும் அமோனியாவும் நைத்திரைற்றும் பாருங்கள். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை போதும். வாரத்துக்கு நாலிலொரு பங்கு தண்ணீர் மாற்றினால் பொதுவாகச் சரிவரும். ரியூபால் அடித்தட்டுக் கழிவை உறிஞ்சி எடுங்கள், மேல் தண்ணீரை மட்டும் அள்ளிக் கொட்டினால் அழுக்கு கீழேயே கிடக்கும்.

மாற்றுவது காலையில். கூரைமேல் நிற்கும் கறுப்புத் தாங்கியில் மத்தியானத்துக்குப் பிறகு வரும் தண்ணீர் கையைச் சுடும். முதல் நாளே வாளியில் பிடித்து மூடி வைத்தால் வெப்பமும் சமப்படும், காபனீரொட்சைட்டும் போகும். வாளித் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையே இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றியதை நிரப்புவதைத் தண்ணீர் மாற்றியதாகக் கணக்கெடுக்காதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் நைத்திரேற்றும் உள்ளேயே நிற்கும். கண்ணாடி விளிம்பில், கேத்திலுக்குள் பிடிப்பதுபோன்ற வெள்ளைப் படை தெரிந்தால் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்பொஞ்சில் நீரோட்டம் குறையும்போது மட்டும், தொட்டியிலிருந்து இறக்கிய தண்ணீருள்ள வாளியில் இரண்டுதரம் பிழியுங்கள். பழுப்பு நிறம் போகத் தேவையில்லை, பற்றீரியா அந்த ஸ்பொஞ்சில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பொஞ் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் கழுவாதீர்கள். தொட்டியையும் பில்ரரையும் மாதமொருமுறை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்பவர்கள், ஒவ்வொரு மாதமும் ஆறாம் பகுதியிலிருந்து தொடங்குகிறார்கள்.

9. மீனை ஏற்கெனவே விட்டுவிட்டால்

பிறந்தநாளுக்கு யாரோ மீன் கொண்டுவந்து தந்திருப்பார்கள், கடைக்குத் திருப்பவும் ஏலாது. அப்படியென்றால் மீனோடுதான் பற்றீரியாவை வளர்க்க வேண்டும்.

தினமும் காலையில் சோதனை. அமோனியா 0.25ஐத் தாண்டினால் அன்றே பாதித் தண்ணீர் மாற்றம். பிஎச் 8, வெப்பம் 30 பாகையில் 0.25க்குள் கடும் நஞ்சாக இருக்கும் பங்கு 0.02க்குக் கிட்டவாகும், அதற்கு மேலே போனால் செவுள் பழுதாகத் தொடங்கும். அதனால்தான் இந்த எல்லை. பாதி மாற்றினால் அமோனியா பாதியாகக் குறையும், அவ்வளவுதான். 2 இருந்தால் ஒருமுறை மாற்றியும் 1 நிற்கும். அப்போது சில மணித்தியாலம் விட்டு இன்னொருமுறை மாற்றுங்கள். தீனை ஒன்றுவிட்ட ஒரு நாளுக்குக் குறையுங்கள். பெரிய தங்கமீன் ஒரு வாரப் பட்டினியைத் தாங்கும், ஒரு வார அமோனியாவைத் தாங்காது.

நைத்திரைற்று ஏறும் கட்டத்தில் உப்பு உதவும். லீற்றருக்கு ஒரு கிராம் சாதாரண உப்பு, வாளியில் கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று பங்காக விடுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்றுச் செவுள் வழியே இரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். ஆனையிறவுக் கல்லுப்பே போதும், மீனுக்கென்று பெட்டியில் விற்பதைத் தேடி அலையத் தேவையில்லை. சவர்க் கிணற்றுக்காரருக்குக் குளோரைட்டு ஏற்கெனவே இருக்கிறது, கூட்டாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் திரும்ப உப்புப் போடுங்கள், வற்றியதற்குப் போடாதீர்கள்.

அறிகுறி பார்த்து மருந்து ஊற்றாதீர்கள், முதலில் கிட்டை எடுங்கள். மேலே வந்து மூச்சுவாங்கினால் அமோனியா, நைத்திரைற்று, ஒட்சிசன் குறைவு மூன்றில் ஏதுமிருக்கலாம். செவுள் கபில நிறமானால் நைத்திரைற்றைச் சந்தேகியுங்கள். செட்டையில் சிவப்புக் கீறலும், செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பதும் அமோனியாவில் சாதாரணம். கிருமிகளைக் கொல்ல விற்கும் பல மருந்துகள் பில்ரர்ப் பற்றீரியாவையும் சேர்த்தே கொல்லும்.

10. கரண்ட் கட், வெக்கை, நுளம்புப் புகை

கரண்ட் போனால் முதலில் பற்றரி எயார் பம்பைப் போடுங்கள், தீனை நிறுத்துங்கள். பம்ப் இல்லையென்றால் கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள், நேரமெடுக்கும் வேலை, ஆனால் பலனுண்டு. மூடிய வகைப் பில்ரர் சில மணித்தியாலம் நின்றுபோயிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். ஒட்சிசன் தீர்ந்து உள்ளே அழுகிய தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் வரும். திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொடக்குங்கள். அடுத்த இரண்டு நாள் அமோனியாவைப் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் 32 பாகைக்கு மேல் போனால், மூடியை எடுத்துவிட்டு வலைக்கு மேலாக மின்விசிறிக் காற்றைத் தண்ணீர்மேல் திருப்புங்கள். இரண்டு மூன்று பாகை இறங்கும். ஐஸ் கட்டியை நேரே போடுவது வேண்டாம், ஒரு மூலை குளிர்ந்து மறுமூலை சுடும்.

டெங்குக் காலத்தில் தெருவில் புகையடிப்பார்கள். நுளம்புக்கு அடிக்கும் பைரெத்ரோயிட் வகை மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு, எயார் பம்ப் அதை உறிஞ்சிக் குமிழியோடு தண்ணீருக்குள் இறக்கிவிடும். மெசின் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டவுடன் எயார் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் முற்றாக மூடி, யன்னலைச் சாத்துங்கள். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மோட்டர் பில்ரர் என்றால், காற்று இழுக்கும் குழாயை மட்டும் அடைத்துவிட்டு ஓடவிடலாம். புகை கலைந்ததும் யன்னலைத் திறந்து அறையைக் காற்றாட விட்டு, அதன்பின் துணியை எடுத்துப் பம்பைப் போடுங்கள். வீட்டுக்குள் கொயில் கொளுத்துவதென்றால் எயார் பம்ப் இருக்கும் அறையில் வேண்டாம்.